கவிழ்த்த குடம்

மாயவரம்
பிரமாதீச வருஷம், வைகாசி 20

சௌபாக்யவதி ஜகதாம்பாளுக்கு உன் அண்ணன் சந்தானம் ஆசீர்வாதம். இங்கே அப்பா உள்பட யாவரும் சுகம். மாப்பிள்ளை பாலசுப்ரமணியன், குழந்தை ஜெயலக்ஷ்மி, அவ்விடத்து எல்லோருடைய க்ஷேமத்துக்கும் எழுதவும்.

இரண்டு வருஷமாக நமக்குள் கடிதமே இல்லை. என் பெண் விஜயலக்ஷ்மி கல்யாணத்துக்குக்கூட நீ வரவில்லை. அப்பா வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அவருக்கு அந்தக் குறை உண்டு. போகட்டும். மகாளய பட்சத்தில் கயா போக வேண்டும் என்று அப்பா கிளம்புகிறார். இங்கிருந்து ஒரு கோஷ்டி போகிறது, அவர்களோடு நேரே போய்விடலாம் என்றேன். கேட்கவில்லை. கல்கத்தாவில் இறங்கி உன் வீட்டில் சில நாள் இருந்துவிட்டுத்தான் மேலே போவேன் என்று ஒரே பிடிவாதம்.

வரட்டும். ஆனால் ஒன்று. அந்துவைப் பற்றி அவர் எதிரில் பேச்சே எடுக்காதே. அவன் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்று அப்பா வைத்த சட்டம் இந்த வீட்டில் ஏழு வருஷமாக நடக்கிறது. அவருக்கு இப்போது மார்வலி வேறு. புண்ணிய காரியத்துக்குப் போகிற மனிதர் நிம்மதியாகப் போய் வரட்டும்.

இப்படிக்கு,
சந்தானம்


பாலிகஞ்ச், கல்கத்தா
11 ஜூன் 1913

அண்ணாவுக்கு ஜகதாம்பாள் நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம். மன்னியும் விஜயமும் சௌக்கியமா?

பெயரை எடுக்காதே என்று எழுதின கடிதத்தில் நீயே அவன் பெயரை எழுதிவிட்டாய். நானும் எழுதுகிறேன். அனந்தகிருஷ்ணன். நம் கூடப்பிறந்தவன். சீமைக்குப் போய் எஞ்சினீயர் படிப்புப் படித்துவிட்டு வந்தவன். கப்பலேறினதற்குப் பிராயச்சித்தம் செய்துகொள் என்றதற்கு, பாவம் செய்தவன் அல்லவா அதைச் செய்ய வேண்டும் என்று கேட்டவன். அதற்காக அப்பா அவனுக்குத் தலை முழுகினார். உயிரோடிருக்கும் பிள்ளைக்குக் கர்மம் செய்து, வேலைக்காரியைக் கொண்டு தண்ணீர்க் குடத்தைக் காலால் கவிழ்க்க வைத்தார். நீ பக்கத்தில்தான் நின்றாய்.

பிறகு அவன் இங்கே வந்து வேலை பார்த்ததும், முந்தாம் வருஷம் வைகாசியில் விஷ சுரத்தில் என் வீட்டிலேயே போனதும் உனக்குத் தெரியும். அப்பா அனுமதி கொடுத்தால் உங்கள் மாப்பிள்ளையைக் கொண்டு கர்மம் செய்கிறேன் என்று நான் தந்தி அடித்தேன். இங்கே இருக்கிற ஒரே தமிழ் வாத்தியாரும் அப்பா ஒரு வார்த்தை சொன்னால் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். அப்பா பெயரில் வந்த பதில்: ‘அவன் எங்களுக்கு முன்பே போனவன். கர்மம் இல்லை.’ வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டார். கடைசியில் கொள்ளி வைத்தது பக்கத்து வீட்டு நீலமணி பாபு. ஒரு வங்காளி. அவருக்கும் நமக்கும் ஒட்டா உறவா?

அவன் சாம்பல் ஆறுவதற்குள் உன் வீட்டில் மேளம் கொட்டியது. தீட்டு இல்லையே, கொட்டலாம். கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று இனிமேல் என்னைக் கேட்காதே.

அப்பா தாராளமாக வரட்டும். பெற்றவருக்குச் சோறு போடாமல் இருக்க மாட்டேன். அவர் வரும் சமயத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு நாடகம் இருக்கிறது. அவசியம் பார்க்க வேண்டிய நாடகம்.

ஜகதாம்பாள்


மாயவரம்
ஆனி 6

ஜகதாம்பாளுக்கு ஆசீர்வாதம். இங்கே க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்.

கடிதம் கண்டேன். மன்னி கையில் கொடுக்கிற மாதிரியா எழுதியிருக்கிறாய்? படித்தவுடன் கிழித்துப் போட்டேன்.

அதென்ன நாடகம்? கூத்தாடிகளுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? மாப்பிள்ளை கௌரவமான உத்தியோகத்தில் இருக்கிறார். அப்பா நாடகமெல்லாம் பார்ப்பதில்லை. அன்றைக்கு அவரைக் காளிகாட் கோவிலுக்கு அழைத்துப் போகவும். விஜயம் மாசமாக இருக்கிறாள். உன் மனசில் இருக்கிற உஷ்ணத்தை இந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் காட்டாமல் இருந்தால் நல்லது.

சந்தானம்


பாலிகஞ்ச்
2 ஜூலை 1913

அண்ணாவுக்கு நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியம். விஜயத்துக்குப் புளிப்பு கேட்டால் கேட்டதைக் கொடுக்கச் சொல். குழந்தைமேல் எனக்கு என்ன கோபம்?

நாடகம் என்ன என்று கேட்டாய். மேல்நாட்டில் வெகு காலத்துக்கு முன்னே எழுதின சோக நாடகம். பெயர்கள் நம் வாயில் நுழையாது. அந்துதான் எனக்குக் கதை சொன்னான், படுக்கையில் விழுவதற்கு ஒரு மாசம் முன்பு. ஒரு அரசன், தனக்கு விரோதமாகப் போய்ச் செத்தவனுக்கு ஈமக்கடன் கூடாது, மீறினால் தலை போகும் என்று பறை அறைகிறான். செத்தவனின் தங்கை, போனால் போகட்டும் என்று தன் கையாலேயே மண்ணள்ளிப் போடுகிறாள். அதில் ஒரே ஒரு காட்சியை, அரசனும் அந்தப் பெண்ணும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியை, நான் தமிழில் அமைத்திருக்கிறேன். ஆமாம், நான்தான்.

அரசனைச் சோழநாட்டுச் சிற்றரசனாக்கி, அந்தப் பெண்ணுக்குத் தகப்பனாகவும் ஆக்கிவிட்டேன். மூலத்தில் அப்படியில்லை. நம் வீட்டில் அப்படித்தான். பிணத்தைக் கழுகுக்குப் போடுவது நம் ஜனங்களுக்கு ஒட்டாது, எழுந்து போய்விடுவார்கள். அதற்குப் பதிலாக அரசன் தெற்குமுகமாக நின்று ஒரு குடத்தைக் காலால் கவிழ்க்கிறான். அதைச் செய்வதற்கு நம் வீட்டில் ஒரு வேலைக்காரி வேண்டியிருந்தது. மேடையில் அரசன் காலாலேயே செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். மூலத்தில் கிழவர் கூட்டம் ஒன்று நடுநடுவே வந்து அரசனுக்குத் தலையாட்டும். அதில் மாத்திரம் கை வைக்கவில்லை. நம் தெருவில் பார்த்த கூட்டம்தான்.

பெண் வேஷம் பட்டாபிராமனுக்கு. பாங்கியில் குமாஸ்தா. நல்ல குரல். மீசையை எடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ஜகதாம்பாள்


மாயவரம்
ஆனி 28

ஜகதாம்பாளுக்கு ஆசீர்வாதம். இங்கே அப்பாவுக்கு லேசாக ஜலதோஷம். மற்றபடி க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்.

உனக்குப் புத்தி பிசகிவிட்டதா? பெற்ற தகப்பனை நாலு பேர் நடுவில் மேடையேற்றி அவமானம் செய்ய ஒரு பெண்ணுக்கு எப்படி மனசு வரும்? குடம் கவிழ்ப்பதெல்லாம் மேடையில் செய்கிற காரியமா? அமங்கலம். சபைக்கும் ஆகாது, உன் மாங்கல்யத்துக்கும் ஆகாது. அப்பா செய்தது சாஸ்திரம். அதை நாடகமாடிச் சிரிப்பாய்ச் சிரிக்க வைக்க நீ யார்?

மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அப்பாவை நேரே கயாவுக்குப் போகும்படி இன்னொரு தரமும் சொன்னேன். ‘நான் கல்கத்தா போறதுக்குக் காரணம் இருக்கு, நீ உன் ஜோலியைப் பார்’ என்றார். என்ன காரணம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சந்தானம்


பாலிகஞ்ச்
2 ஆகஸ்டு 1913

அண்ணாவுக்கு நமஸ்காரம். அப்பாவின் ஜலதோஷம் தேவலையா? மிளகுக் கஷாயம் போட்டுக் கொடு. இங்கே மழை விடாமல் கொட்டுகிறது. வாசலில் முழங்கால் தண்ணீர். ஜெயலக்ஷ்மி அதில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு அம்மாளைச் சித்தி முறை வைத்துக் காகிமா என்று கூப்பிட்டு, அவளோடு வங்காளியிலேயே பொரிந்து தள்ளுகிறாள். அவளைத் தமிழில் பேசவைக்கத்தான் பிரம்பு எடுக்க வேண்டியிருக்கிறது.

நீ உங்கள் மாப்பிள்ளைக்கு எழுதின கடிதத்தை அவர் என்னிடமே கொடுத்துவிட்டார். அந்துவைக் கடைசி இரவெல்லாம் மடியில் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். அவரிடம் போய் எனக்குப் புத்தி சொல்லச் சொல்கிறாயே.

சபையிலும் சண்டைதான். பாதி ஆபீஸ்கள் டில்லிக்குப் போய்விட்டதில் ஆள் குறைவு. சண்டைக்கு மட்டும் குறைவில்லை. குடம் கூடாது என்று ஒரு கட்சி. நடுவில் ஹாஸ்யம் சேர்க்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. குடமில்லாவிட்டால் காட்சியே இல்லை என்று சொல்லிவிட்டேன். நவராத்திரிக்கு வேண்டாம், பட்சம் பிறக்கும் முன் ஆடிவிடுங்கள் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். செப்டம்பர் 13, சனிக்கிழமை, ஆபீஸ் அரைநாள் முடிந்ததும், பவானிபூரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில். பட்டாபிராமனும் மீசையை எடுத்துவிட்டார். அவர் பெண்சாதி நாலு நாள் பேசவில்லையாம்.

அரசன் பேச்சு மட்டும் எனக்குச் சரியாக வரவில்லை. அவன் மரம் மாதிரி இருக்கிறான். அதனால் உன்னை ஒன்று கேட்கிறேன். என் தந்தியை நீ படித்துக் காட்டியபோது அப்பா என்ன சொன்னார்? உட்கார்ந்திருந்தாரா, நின்றாரா? உடனே பதில் சொன்னாரா, யோசித்தாரா? குரல் எப்படி இருந்தது? நீ பக்கத்தில் இருந்திருப்பாய். ஒன்று விடாமல் எழுது.

ஜகதாம்பாள்


மாயவரம்
ஆடி 30

ஜகதாம்பாளுக்கு ஆசீர்வாதம். இங்கே க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்.

காவேரியில் நல்ல வெள்ளம். பதினெட்டாம் பெருக்குக்கு மன்னி ஏழு விதச் சித்திரான்னம் செய்தாள். விஜயத்துக்கு வாந்தி நின்றிருக்கிறது. வளைகாப்பை ஐப்பசிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். தெற்குத் தெருவில் ஒரு வீடு மழைக்கு விழுந்துவிட்டது, யாருக்கும் அடி இல்லை.

அப்பா கும்பகோணம் போய்ப் புதிதாக ஒரு செப்புக் குடம் வாங்கி வந்திருக்கிறார். கங்கைத் தீர்த்தம் கொண்டுவர என்று நினைக்கிறேன். யாரையும் தொட விடுவதில்லை. நானே அப்பாவோடு கல்கத்தா வரை வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்றுவிட்டார். செப்டம்பர் 12 வெள்ளிக்கிழமை ஹௌரா வந்து சேருவார்.

சந்தானம்


பாலிகஞ்ச்
24 ஆகஸ்டு 1913

அண்ணாவுக்கு நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம்.

ஏழு விதச் சித்திரான்னம், இடிந்த வீடு, செப்புக் குடம் எல்லாம் தெரிந்துகொண்டேன். நான் கேட்டதற்கு மாத்திரம் பதில் இல்லை. வெட்கமாக இருக்கிறது போலிருக்கிறது. அப்பா சொன்ன வார்த்தையைத் திருப்பி எழுத உனக்கே கை கூசினால், அதைக் கேட்டுக்கொண்டு பிணத்தின் பக்கத்தில் நின்ற எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நீ எழுத வேண்டாம். தந்தியில் வந்த வார்த்தைகளையே அரசன் வாயில் போட்டுவிட்டேன். ‘அவன் எங்களுக்கு முன்பே போனவன். கர்மம் இல்லை.’ ஒத்திகையில் அதைச் சொன்னதும் கிழவர் கூட்டத்தில் நின்றவர்களே தலையாட்ட மறந்துவிட்டார்கள். செத்தவனுக்கு அனந்தன் என்று பெயர் வைத்திருக்கிறேன். அப்பாவை முதல் வரிசையில் உட்கார வைக்கப் போகிறேன். அவர் ஒரு தரம், ஒரே ஒரு தரம், தலையைக் குனிய வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும். மறைப்பானேன்?

ஜகதாம்பாள்


தந்தி
மாயவரம், 11 செப்டம்பர் 1913

நாடகத்தை நிறுத்து. காரணம் கேட்காதே. அப்பாவிடம் ஒன்றும் பேசாதே. கடிதம் வருகிறது. சந்தானம்.


பாலிகஞ்ச்
15 செப்டம்பர் 1913

அண்ணாவுக்கு.

உன் தந்தி வந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன். கடிதம் வருகிறது என்றாய், இன்னும் வரவில்லை. வராது என்று இப்போது தெரிகிறது.

அப்பா வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தார். மெலிந்துவிட்டார். வண்டியில் வரும்போதெல்லாம் குடத்தை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் வாங்கப் போனதற்குக் கொடுக்கவில்லை. வீட்டில் கதவு சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். நானும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாம் நாளைக்கு மேடையில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பெயர் சொல்லக்கூடாது என்று அவர் வைத்த சட்டம் அவர் வாயையே கட்டிப்போட்டிருந்தது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை அவரை முதல் வரிசையில் உட்கார வைத்தேன். பக்கத்தில் நீலமணி பாபு. நாடகம் நன்றாகவே நடந்தது. அரசன் அந்த வார்த்தைகளைச் சொல்லிக் குடத்தை உதைத்தான். தண்ணீர் பலகை வழியாக ஓடி அப்பா காலடியில் சொட்டியது. அவர் காலை இழுத்துக்கொண்டார். பட்டாபிராமன் மண்டியிட்டு, சிந்தின தண்ணீரைக் கையால் வழித்தெடுத்து, நான் எழுதியபடியே சொன்னார்: “அனந்தா, சுரத்தில் கிடந்தபோதும் அப்பாவுக்குச் சொல்லியாச்சா, அப்பாவுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டுக்கொண்டே போனாயே. உனக்கு இந்தத் தண்ணீர்தான் மிஞ்சியது.” நீலமணி பாபுவுக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பெயர் தெரியும். துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு திரைப்பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். எழுந்தார்.

“ஜகதா, அந்து எங்கே?”

அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. பொல்லாத கிழவர், மேடையில் ஆடுகிறவர்களைவிட நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். “உங்களுக்குத் தெரியாதாப்பா? உங்க பேர்ல வந்த தந்தியைத்தானே இப்ப அந்த ராஜா சொன்னது” என்றேன்.

“நான் ஒரு தந்தியும் அடிக்கலை. எனக்கு ஒண்ணும் வரலை. அவனைப் பாக்கத்தானேடி வந்தேன். நீ அழைச்சிண்டு போவாய்னு நேத்திக்குலேர்ந்து வாசலைப் பாத்துண்டு உக்காந்திருக்கேன்.”

பட்டாபிராமன் கையில் ஏந்தின தண்ணீரோடு அப்படியே இருந்தார். நான் அப்பாவிடம் சொன்னேன். சபை நடுவில், நாலு பேர் கேட்க, அவர் பிள்ளை செத்து இரண்டு வருஷமாயிற்று என்று நான்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், குடம் எதற்கு என்று. குடம் கவிழ்த்துத் தள்ளினவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் சாஸ்திரத்தில் வழி உண்டாம். புதுக் குடத்தில் புண்ணிய நதியில் ஜலம் மொண்டு, தள்ளினவனும் தள்ளப்பட்டவனும் சேர்ந்து ஸ்நானம் செய்ய வேண்டுமாம். சாஸ்திரிகளிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டு, கங்கையில் செய்துவிடலாம் என்று வந்திருக்கிறார். அப்புறம் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார், அந்து போனது என்றைக்கு என்று. சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “விஜயம் கல்யாணத்துக்கு முந்தின வாரம்” என்றார். நியாயமாக அவருக்குத் தீட்டே கிடையாது. கிணற்றடிக்குப் போய், கட்டின வேஷ்டியோடு தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டார்.

அவரைத் தலைகுனிய வைக்க ஆசைப்பட்டேன் அல்லவா, குனிந்துவிட்டார். நீ காட்டின ஆளை நான் அடித்தேன் அண்ணா. இனி நீ சொல்.

ஜகதாம்பாள்


மாயவரம்
புரட்டாசி 8

ஜகதாம்பாளுக்கு ஆசீர்வாதம். இங்கே க்ஷேமம். அப்பாவின் உடம்பைப் பற்றியும், அவ்விடத்து க்ஷேமத்துக்கும் உடனே எழுதவும்.

நீ என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாய். ஏற்று. பந்தல் போட்டாயிற்று. சம்பந்தி வீட்டார் பாதி வந்து இறங்கியாயிற்று. அப்போது உன் தந்தி வந்தது. அப்பாவிடம் கொடுத்திருந்தால் கல்யாணம் நடந்திருக்குமா? பெண்ணின் கதி என்ன? தலை முழுகினவனுக்குத் தீட்டில்லை என்று சாஸ்திரமே சொல்கிறது. தீட்டு இல்லாத சாவை ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்பா கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லுவார் என்று எண்ணி நானே அனுப்பினேன். கல்யாணம் ஆனதும் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு மறுவீடு, பிறகு ஆடி, பிறகு தீபாவளி. எந்த நாளில் சொல்வது? பெயரையே எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டது நானா?

நீ அந்த நாடகத்தை நிறுத்தியிருந்தால் நான் பக்குவமாக எழுதியிருப்பேன். நீயும் ஒரு பெண்ணைப் பெற்றவள். என் இடத்தில் இருந்து பார்.

அப்பா என்னைப் பற்றி என்ன சொன்னார்?

சந்தானம்


பாலிகஞ்ச்
3 அக்டோபர் 1913

சந்தானத்துக்கு ஜகதாம்பாள் எழுதுவது.

உன் இடத்தில் இருந்து பார்த்தேன். விஜயம் கல்யாணத்துக்காக ஒரு வாரம் மறைத்திருந்தால், அழுதுவிட்டு ஒருநாள் மறந்திருப்பேன். ஆனால் என் அண்ணன் வெறும் கட்டையாகப் போகும்படி அப்பா பெயரில் பதில் அனுப்பினாய். அனுமதிக்கிறேன் என்று அதே பெயரில் இரண்டு வார்த்தை பொய் எழுதியிருக்கலாமே. அதுவும் பொய்தான், ஆனால் வாத்தியார் செருப்பைக் கழற்றியிருக்க மாட்டார். அது உனக்குத் தோன்றவே இல்லை.

கயாவுக்கு நாங்களும் கூடப் போனோம். பிள்ளைக்கு அப்பா பிண்டம் போட்டார். முறை தலைகீழாக இருக்கிறதே என்று கர்மம் செய்துவைத்த புரோகிதன், அந்த ஊர்ப் பண்டா, இரண்டு தரம் கேட்டான். அப்பா அனந்தகிருஷ்ணன், அனந்தகிருஷ்ணன் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எள்ளும் தண்ணீரும் விட்டார். ஏழு வருஷத்துப் பெயரையெல்லாம் அன்று சொல்லித் தீர்த்தார். தண்ணீர் அந்தச் செப்புக் குடத்திலிருந்துதான்.

கயாவில் ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டும் என்பார்களே, என்னைப் பண்டா கோபத்தை விடச் சொன்னான். நான் கொத்தவரங்காயை விட்டேன்.

அப்பா உன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டாய். உனக்கும் ஒரு குடம் கவிழ்க்கச் சொல்லி நான்தான் அவரைக் கேட்டேன். கை கூப்பிக் கேட்டேன். “ஒரு குடம் கவுத்தது போறும்டி. மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்தான்” என்றார். தீபாவளி கழித்து மாயவரம் வருகிறார். உன்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாராம். எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடு. அவர் கேட்கிறாரா என்று தினமும் பார்த்துக்கொண்டிரு.

குடத்தை என்னிடம் விட்டுவிட்டார். அவருடைய மனசு எனக்கில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுத வேண்டாம்.

ஜகதாம்பாள்